தண்ணீரைக் கேட்டுவிட்டுத்தான் கீசரைத் திறப்பேன்

கீசர் ரிப்பேர் என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது, "உங்களுக்குக் காவிரியா, போரா, டேங்கரா?" என்றுதான். "தண்ணி எதுவா இருந்தா உனக்கென்னப்பா, வெந்நீர் வரலை, அதைப் பாரு" என்று சிலர் எரிந்து விழுவார்கள். பதில் சொல்லிவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. பெங்களூரில் காவிரி வருகிற மல்லேஸ்வரம், பசவனகுடி, ஜெயநகர் பக்கம் என்றால் வழக்கமான பையோடு கிளம்பிவிடுவேன். போரும் டேங்கருமாக ஓடுகிற ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு, ஹொரமாவு என்றால் கூடவே ஒரு சுத்தி, ஒரு உளி, பெரிய பக்கெட் இரண்டு, பழைய கோணி ஒன்று. கீசருக்கு எதற்கு உளி என்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

பெங்களூர்க் குளிர் ஒன்றும் பெரிய குளிர் கிடையாது. 1884 ஜனவரியில் 7.8 டிகிரிக்கு இறங்கியதுதான் இன்றுவரை ரெக்கார்டு. ஆனாலும் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர்; ஆடி மாதச் சாரலில்கூடக் காலையில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்ற மனம் வராது. சென்னையில் கீசர் மார்கழி, தை இரண்டு மாதத்துக்கு. இங்கே வருடம் முழுக்க ஓடும். அது ஓடுவதால்தான் எங்கள் பிழைப்பும் ஓடுகிறது.

நான் கோலார் தங்கவயல்காரன். சிவசமுத்திர அருவியில் எடுத்த கரண்ட் 1902லேயே எங்கள் சுரங்கத்துக்கு வந்துவிட்டது. பெங்களூர்த் தெருவிளக்கு எரிந்தது 1905ல்தான். மைசூர் ராஜ்ஜியத்தின் தலைநகரம் மாதிரி அலட்டிக்கொள்ளும் வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்லிக்காட்டுவதில் எனக்கு இன்னும் ஓர் அல்ப சந்தோஷம் உண்டு. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கத்தை மூடினார்கள். ஊரில் பாதி இளவட்டங்கள் விடிகாலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலை தேடிப் போக ஆரம்பித்தோம். எனக்குக் கிடைத்தது சிவாஜிநகரில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை. மிக்சி, கிரைண்டர், பம்ப், கீசர் எல்லாம் வரும். கடைக்கார பாய் உருது, தமிழ், கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுத் திட்டுவார். தொழிலில் மட்டும் அவசரமே படமாட்டார். "காயிலைக் கையில வாங்கினதும் விலை சொல்லாதேடா. அதுல என்ன ஒட்டியிருக்குன்னு முதல்ல பாரு" என்பார். காயில் என்று நாங்கள் சொல்வது கீசருக்குள் சூடாகும் எலிமென்டை. அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறேன்.

அந்த நாளில் கடைக்கு வந்தவற்றில் பாதி பழைய செம்பு டேங்க் கீசர்கள். ஓட்டை விழுந்தால் பற்ற வைத்து, உள்ளே ஈயம் பூசிக் கொடுத்தால் இன்னும் சில வருடம் தாங்கும். அதற்கும் முந்தைய தலைமுறையில் குளியலறை மூலையில் அடுப்போடு சேர்த்துக் கட்டிய செம்பு ஹண்டே இருந்தது. தென்னை மட்டையும் தேங்காய் மட்டையும் போட்டு எரிப்பார்கள். கன்னடக்காரர் வீடுகளில் நரக சதுர்த்தசிக்கு முதல் நாள் சாயங்காலம் அந்த ஹண்டேயைப் புளி போட்டுத் தேய்த்து, சுண்ணாம்பும் செம்மண்ணும் தீட்டி, பூச்சரம் சுற்றிப் புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். நீரு தும்புவ ஹப்ப என்று அதற்கே ஒரு பண்டிகை. இப்போது சில வீடுகளில் கீசருக்கே குங்குமம் வைத்துப் பூ சுற்றுகிறார்கள். நான் அதைக் கிண்டல் செய்வதில்லை. வருடத்துக்கு ஒரு தடவையாவது உள்ளே கழுவ வேண்டும் என்பதை ஹண்டேக்காரர்கள் பண்டிகையாகவே வைத்திருந்தார்கள். கீசர் வாங்கியவர்கள் அந்தக் கழுவலைத்தான் மறந்துவிட்டார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். "பிஸி நீரு பர்த்தா இல்லா" என்று கன்னடத்தில் வந்தாலும், "கரம் பானி நஹி" என்று வந்தாலும் புகார் ஒன்றுதான்: வெந்நீர் வரவில்லை. கழற்றுவதற்கு முன் விளக்கைப் பார்க்க வேண்டும். சிவப்பு விளக்கே எரியவில்லை என்றால் கரண்ட் உள்ளே போகவில்லை. பிளக், சுவிட்ச், எம்சிபி, தெர்மோஸ்டாட், கட்-அவுட் என்று வரிசையாக வர வேண்டும். பெரும்பாலும் சுவிட்ச் பக்கத்திலேயே வேலை முடிந்துவிடும். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் தகுந்த கனத்தில் ஒயரும் வேண்டும். லைட் போடுகிற மெல்லிய ஒயரில் கொடுத்திருந்தால் பிளக்கின் பின்கள் கருகி, சாக்கெட் உருகி, குளியலறை வாசலிலேயே பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும். புது கீசர் வாங்கத் தயாராக இருந்தவர்களுக்கு ஒரு சாக்கெட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

விளக்கு எரிகிறது, எரிந்துகொண்டே இருக்கிறது, தண்ணீர் மட்டும் சுடவில்லை என்றால் காயில் போய்விட்டது. ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 2,000 வாட் காயில் 26 ஓம் அருகில் காட்ட வேண்டும். 3,000 வாட் இன்ஸ்டன்ட் என்றால் 17, 18. ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பாய் கடையில் மீட்டருக்குப் பதில் சீரீஸ் போர்டுதான்: ஒரு குண்டு பல்ப், இரண்டு நீட்டிய ஒயர். பல்ப் எரிந்தால் காயில் உயிரோடு இருக்கிறது. அதே ஒயரை ஒரு முனையிலும் காயிலின் மேல்தோலிலும் வைத்து, அங்கேயும் எரிந்தால் அந்தக் காயில் ஆளைக் கொல்லும்.

மூன்றாவது புகார், "சூடாக ரொம்ப நேரம் ஆகுது". இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 25 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்றக் கிட்டத்தட்ட 1.2 யூனிட் வேண்டும். 2,000 வாட் காயிலுக்கு 35 நிமிடம். 15 லிட்டர் என்றால் 21 நிமிடம். இதைவிடக் குறைவாக எந்தக் கம்பெனியாலும் அந்தக் காயிலை வைத்துச் செய்ய முடியாது. வோல்டேஜ் குறைந்தால் இன்னும் மோசம். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால் 2,000 வாட் காயில் 1,400 வாட்கூடக் கொடுக்காது. 35 நிமிடம் 50ஐத் தாண்டிவிடும். காலை ஆறரை மணிக்கு மொத்த லேஅவுட்டும் கீசர் போடுகிற நேரத்தில் இந்தப் புகாரோடு என்னைக் கூப்பிட்டால், மீட்டரைச் சாக்கெட்டில் செருகிக் காட்டிவிட்டு வந்துவிடுவேன். கீசரைத் தொடமாட்டேன்.

நான்காவதுதான் இந்த ஊரின் விசேஷம். "கீசர் உள்ள சத்தம் போடுது." எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போலப் படபடவென்று கேட்கும். சில பேர் வெடிக்கப் போகிறது என்று பயந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடுகிறார்கள். வெடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காயில் மேல் சுண்ணாம்பு பூத்திருக்கிறது. அதன் அடியில் சிக்கிய தண்ணீர் ஆவியாகிப் பிய்த்துக்கொண்டு வருகிற சத்தம் அது.

ஒயிட்ஃபீல்டு பக்கத்து ஓர் அடுக்குமாடியில் போன டிசம்பரில் திறந்த கீசர் ஒன்றைச் சொல்கிறேன். 25 லிட்டர், போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் கலந்து வருகிற வீடு. எம்சிபியை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, ஆங்கிள் காக்கை மூடி, கீழே பக்கெட் வைத்து இன்லெட் ஹோஸைக் கழற்றினேன். தண்ணீர் விட்டு விட்டுத்தான் இறங்கியது. வெள்ளைச் சேறு வந்து நிப்பிளை அடைத்துக்கொண்டிருந்தது. கம்பி விட்டுக் குத்திக் குத்தி வடித்தேன். அடி மூடியை எடுத்து, ஒயர்களை போனில் படம் பிடித்துவிட்டு, பிளேட்டின் நட்டுகளைக் கழற்றினேன். நட்டு எல்லாம் கழன்ற பிறகும் பிளேட் அசையவில்லை. உள்ளே காயில் அதன் துவாரத்தைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது. உளி இங்கேதான் வேண்டும். விளிம்பில் மெல்லத் தட்டி, உள்ளே இருப்பதை உடைத்து உடைத்துத்தான் காயிலை வெளியே இழுக்க முடியும். ஓங்கி அடித்தால் டேங்கின் உட்பூச்சு பெயர்ந்துவிடும். பிறகு அந்த டேங்க் துருப்பிடித்து ஒழுகும். காயில் வந்ததும் பின்னாலேயே கல் கொட்டியது. வெள்ளைச் சில்லுகள், சப்பையான துண்டுகள், காயிலின் வளைவை அப்படியே அச்செடுத்த பாதிக் குழாய்கள். அரைப் பக்கெட்டுக்கு மேல். வீட்டுக்காரம்மா ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதைத்தானா நாங்க தலையில ஊத்திக்கிட்டிருந்தோம்?" என்று கேட்டார். ஊற்றிக்கொண்டது கரைந்து போன பங்கு, இது உள்ளேயே தங்கிய பங்கு என்றேன்.

இதற்கும் கணக்கு உண்டு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை இருக்கலாம் என்கிறது; வேறு வழியே இல்லாத இடத்தில் 600வரை. ஊர் ஓரத்துப் போர்களில் 600ஐத் தாண்டிய ரிப்போர்ட்டுகளை அப்பார்ட்மென்ட் ஆபீஸ்களில் பார்த்திருக்கிறேன். 400 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் நாளைக்கு 100 லிட்டர் வெந்நீர் எடுத்தால் வருடத்தில் 14 கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு அந்த டேங்க் வழியாகப் போகிறது. பத்தில் ஒரு பங்கு தங்கினாலே ஒன்றரைக் கிலோ. சர்க்கரை, உப்பெல்லாம் சூடேறினால் அதிகம் கரையும்; சுண்ணாம்பு நேர்மாறு. சூடு ஏற ஏறத் தண்ணீரைவிட்டுப் பிரிந்து, எது மிகச் சூடாக இருக்கிறதோ அதன்மேல் போய் உட்காரும். அதனால் குமிழைக் கடைசிவரை திருப்பி 75 டிகிரியில் வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பது போர் தண்ணீர் வீடுகளில் கெட்ட பழக்கம். 50, 55 போதும்.

சுண்ணாம்பு பிடித்தால் கரண்ட் பில் இரட்டிப்பாகும் என்று விற்க வருகிறவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். காயில் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கிறது. அதன் சூடு தாமதமானாலும் தண்ணீருக்குத்தான் போகும். நஷ்டம் வேறு இடத்தில். சூடு வெளியேற வழியில்லாமல் காயிலின் மேல்தோல் பழுத்துப் பழுத்து வெடிக்கிறது. தெர்மோஸ்டாட் குழலைச் சுற்றியும் கல் பிடித்தால் அது டேங்க் சுடுவதற்கு முன்பே சுட்டுவிட்டதாக நினைத்துக் கரண்டை நிறுத்திவிடும். வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்ற புகாரில் பாதி இது. கட்-அவுட்டும் அடிக்கடி விழும். கட்-அவுட் விழுகிறதே என்று அதை ஒதுக்கி ஒயரை நேராகக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். அந்த வீட்டில் தெர்மோஸ்டாட்டும் ஒரு நாள் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும், நிறுத்த ஆள் இல்லை.

சுத்தம் செய்ய நான் பயன்படுத்துவது சிட்ரிக் ஆசிட் தூள், பேச்சு வழக்கில் எலுமிச்சை உப்பு. வெந்நீரில் கரைத்துக் காயிலை அதில் சில மணி நேரம் போட்டுவைத்தால் நுரைத்துக் கழன்றுவிடும். டாய்லெட் கழுவும் ஆசிடை ஊற்றுகிறவர்கள் அரை மணியில் வேலையை முடிக்கிறார்கள். ஆனால் கல்லோடு காயிலின் தோலையும் அது தின்றுவிடும்.

பிளேட்டைக் கழற்றினால் காயிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பியும் வரும். ஆனோடு ராடு. மெக்னீசியத்தில் செய்த, விரல் கனத்துத் தண்டு. வீட்டுக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டேங்க் இரும்பு, உள்ளே கண்ணாடிப் பூச்சு. பூச்சில் ஊசி முனை அளவு விரிசல் இருந்தாலும் தண்ணீர் இரும்பைத் தொட்டுத் துருவாக்கும். அது நடக்காமல் இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து போவதற்கென்றே அந்த ராடை வைத்திருக்கிறார்கள். உப்பு மிகுந்த தண்ணீரில் அது வேகமாகக் கரையும். நான் திறக்கும்போது நடுவில் இருக்கிற மெல்லிய இரும்புக் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால், அதற்கப்புறம் கரைவது டேங்க்தான் என்று அர்த்தம். ராடின் விலை சில நூறு ரூபாய், டேங்கின் விலை ஒரு புது கீசர். போர் தண்ணீர் வீட்டில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது ராடைக் கழற்றிப் பாருங்கள் என்று நான் சொல்லாத வீடு இல்லை. சில வீடுகளில் வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வரும். சல்பேட் இருக்கிற தண்ணீரில் வளர்கிற ஒருவகை பாக்டீரியாவும் இந்த மெக்னீசியமும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஊருக்குப் போய்ப் பத்து நாள் கீசரைப் போடாமல் வைத்திருந்தவர்கள் வீட்டில்தான் அதிகம்.

"எந்தக் கம்பெனி சார் நல்லது?" இந்தக் கேள்விக்கு நான் பெயர் சொல்வதில்லை. காவிரி வீட்டில் சாதாரண கீசர் பத்து வருடம் ஓடுகிறது. போர் தண்ணீர் வீட்டில் விலை உயர்ந்ததும் மூன்றாம் வருடம் காயில் கேட்கிறது. வாங்கும்போது நட்சத்திரத்தைப் பார்க்கலாம், ஆனால் அது சொல்வது வேறு விஷயம்: சூடாக்கி வைத்த தண்ணீர் ஒரு நாளில் எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பது. உள்ளே கல் பிடிக்குமா என்பதை எந்த நட்சத்திரமும் சொல்லாது. பதின்மூன்றாம் மாடி, பதினைந்தாம் மாடி என்றால் டேங்க் எத்தனை பார் அழுத்தம் தாங்கும் என்று பாருங்கள். பிரஷர் பம்ப் இருக்கிற கட்டடத்தில் 8 பார் போடுவது நல்லது.

கீசரின் கீழே ஒரு சின்ன வால்விலிருந்து சொட்டுகிறது என்று அடிக்கடி அழைப்பு வரும். சூடானால் தண்ணீர் பெருக்கும். 15 லிட்டர், 60 டிகிரிக்குப் போகும்போது கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும். அந்தக் கூடுதலை வெளியே விடத்தான் ரிலீஃப் வால்வு. சூடேறும்போது சொட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது. சுவிட்ச் போடாதபோதும் சொட்டினால் உள்ளே மணலோ கல்லோ சிக்கியிருக்கிறது, அல்லது லைனில் அழுத்தம் அதிகம். ஒரு வீட்டில் யாரோ எம்-சீல் வைத்து அதை அடைத்திருந்தார்கள். பாத்ரூம் தரை ஈரமாகிறதாம். பாத்ரூம் தரை!

அடுத்து எர்த். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

பழைய பேட்டைகளில், ஒரே வீட்டை நான்காகத் தடுத்து வாடகைக்கு விட்ட சந்துகளில், மூன்று துளை சாக்கெட் இருக்கும். மேலே இருக்கிற பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. இன்னும் மோசம், நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த்தில் முடிந்துவைத்திருப்பார்கள். டெஸ்டர் வைத்தால் எல்லாம் சரியாகத் தெரியும். வெளியே கம்பத்தில் நியூட்ரல் அறுந்த நாளில் கீசரின் உடம்பு முழுக்க ஃபேஸ் ஏறிவிடும். அப்படி ஒரு வீட்டில், ஷவர் குழாயைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று அங்கே வாடகைக்கு இருந்த அம்மா சொல்ல, "ஈரக் கையோட தொட்டிருப்பீங்க" என்று வீட்டுச் சொந்தக்காரர் சிரித்தார். குளிக்கிற இடத்தில் காய்ந்த கையோடு யார் நிற்கிறார்கள்? குழாயில் டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. காயிலின் தோலில் மயிரிழை விரிசல். உள்ளே கம்பிக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கிற வெள்ளைப் பொடி ஈரம் குடித்திருந்தது. மெகர் வைத்தால் மெகா ஓம் கணக்கில் காட்ட வேண்டியது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது. புதுக் காயில் போடச் சொன்னார்கள். எர்த் போடாமல் காயில் போடமாட்டேன் என்றேன். இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்றார் சொந்தக்காரர். அந்த அம்மா விடவில்லை. "அவர் சொல்றதைப் போட்டுக் குடுங்க, இல்லைன்னா அட்வான்ஸைத் திருப்பிக் குடுங்க" என்றார். இரண்டு நாளில் வாசலில் குழி தோண்டி எர்த் போட்டார்கள்.

ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இரும்புக் குழாய். அது மண்ணுக்குள் போவதால் எர்த் இல்லாத வீட்டிலும் கசிகிற கரண்ட் கொஞ்சம் அந்த வழியில் இறங்கிவிடும். இப்போது சி.பி.வி.சி. குழாய். துருவும் இல்லை, எர்த்தும் இல்லை. கசிகிற கரண்டுக்கு மிச்சம் இருக்கிற பாதை தண்ணீரும், அதன் அடியில் நிற்கிற ஆளும்தான். அதனால் கரண்ட் கசிந்தவுடன் நிறுத்திவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாத வீட்டில் கீசர் மாட்ட நான் ஒத்துக்கொள்வதில்லை. எம்சிபி இருக்கிறதே என்பார்கள். எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆளைக் கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும், 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. கீசர் போட்டால் ஆர்சிசிபி விழுகிறது என்று அதையே கழற்றிவிட்டுப் போன எலக்ட்ரீஷியன்களின் கைவேலையும் பார்த்திருக்கிறேன்.

மிக்சர் குழாய்த் தொல்லை சின்னது, ஆனால் ஆட்களை நிறைய அலைக்கழிக்கும். கீசர் சரி, காயில் சரி, தண்ணீர் மட்டும் சூடாக வராது. எங்கேயோ ஒரு மிக்சரில் சூடும் குளிரும் இரண்டு பக்கமும் திறந்தபடி, முனையில் மட்டும் அடைத்திருக்கும். பச்சைத் தண்ணீர் அந்த வழியாக வெந்நீர்க் குழாய்க்குள் ஏறிவிடும். கீசரின் இன்லெட்டை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் நிற்காமல் வந்தால் குற்றவாளி மிக்சர்.

சோலாரைச் சொல்லாமல் பெங்களூர் வெந்நீரைப் பற்றி எழுத முடியாது. 2007லிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சோலார் வாட்டர் ஹீட்டரைக் கட்டாயமாக்கினார்கள். பெஸ்காம் கரண்ட் பில்லில் யூனிட்டுக்கு 50 காசு தள்ளுபடியும் கொடுத்தார்கள். மொட்டைமாடிக்கு ஏறினால் கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்புக் குழல்களும் வெள்ளை டேங்குகளும். கண்ணாடிக் குழல் வகையில், குழலின் அடி முனையைப் பாருங்கள்: வெள்ளி மாதிரி பளபளத்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது, பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, அந்தக் குழல் இனி சூடு தாங்காது. மேலே நிற்கிற ஏர் வென்ட் குழாயைக் குப்பை விழுகிறது என்று மூடி போட்டு அடைக்கக் கூடாது. போர் தண்ணீர் சோலார் குழலுக்குள்ளும் சேறு கட்டும். வருடத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவத்தான் வேண்டும். மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு வெந்நீர் இறங்கும்வரை நாலைந்து லிட்டர் பச்சைத் தண்ணீரைச் சாக்கடையில் விடுகிறார்கள், தினமும், ஒவ்வொரு பாத்ரூமிலும். பக்கெட்டில் பிடித்துத் தொட்டிச் செடிக்கு ஊற்றினால் என்ன?

2024 மார்ச்சில் போர்கள் வறண்டபோது எங்களுக்கு வந்த வேலையை மறக்க முடியாது. காவிரித் தண்ணீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த நாட்கள் அவை. மேல்தொட்டி காலியான வீடுகளில் கீசருக்குள் தண்ணீர் இல்லாமலே சுவிட்ச் போட்டுக் காயிலை எரித்துக்கொண்டார்கள். டேங்கர் வந்த வீடுகளில் ஒரு வாரத்துக்கு ஒரு போர், ஒரு வாரத்துக்கு ஒரு ஏரிக்கரைக் கிணறு. எந்தத் தண்ணீர் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. அந்த அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கியது, நாளைக்கு 77.5 கோடி லிட்டர், நகரோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்காக. தொரேகாடனஹள்ளியிலிருந்து கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தள்ளி, 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிற தண்ணீர். அது வந்து சேர்ந்த தெருக்களில் எனக்குக் காயில் வேலை குறைந்திருக்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை.

கேஸ் கீசர் பற்றிக் கண்டிப்பாக ஒன்று. நான் அதை ரிப்பேர் செய்வதில்லை. பாத்ரூமுக்குள் மாட்டச் சொல்லிக் கூப்பிட்டால் வாசலோடு திரும்பிவிடுவேன். மூடிய சின்ன அறையில் கேஸ் எரிந்தால் காற்றில் ஆக்சிஜன் குறையும், அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். தலை சுற்றும், கால் ஓயும், தாழ்ப்பாளை எட்டுவதற்குள் விழுந்துவிடுவார்கள். குளிக்கப் போனவர் வரவில்லையே என்று கதவை உடைத்த செய்தியை இந்த ஊரில் குளிர்காலம்தோறும் படிக்கிறோம். கேஸ் கீசர் வைத்தே ஆக வேண்டும் என்றால் பாத்ரூமுக்கு வெளியே, காற்றாடும் இடத்தில் வையுங்கள். உள்ளே குழாய் மட்டும் வரட்டும்.

இதைப் படிக்கிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டு டிபி பாக்ஸைத் திறந்தால் எம்சிபிகளுக்குப் பக்கத்தில் அகலமான ஒரு சுவிட்ச், அதில் டி என்ற எழுத்தோடு சின்ன பட்டன் இருக்கும். அதை அழுத்துங்கள். டப்பென்று சுவிட்ச் விழுந்தால் ஆர்சிசிபி வேலை செய்கிறது. திரும்ப மேலே தள்ளிவிட்டு மாதத்துக்கு ஒரு தரம் இதையே செய்து பாருங்கள். விழவில்லை என்றாலோ, அப்படி ஒரு பட்டனே இல்லை என்றாலோ, நாளைக் காலை கீசர் போடுவதற்கு முன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அடுப்பில் வைத்த வெந்நீரில் குளியுங்கள்.